வழித்துணை

பொருநையாறு வளஞ்செய்யும் நெல்வயல்களைக் கடந்து தென்கிழக்கே செல்வோர்க்கு நிலத்தின் தோற்றம் மெல்ல மாறுவது புலனாகும். வயல்கள் குறையும், வாழைத் தோட்டங்கள் மறையும், செம்மணல் பரந்த தேரிகளும், அவற்றை அடுத்து வரிசை வரிசையாய் நிற்கும் பனைகளும் கண்முன் தோன்றும். அப்பனைகளின் நடுவே, கடலுக்கு அணித்தாய் அமைந்த ஊர் உடன்குடி. கருப்பட்டி என்றவுடன் தமிழ்நாட்டார் பலருக்கு நினைவில் வருவது இவ்வூரே. முன்னாளில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த உடன்குடி, 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடி மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபின் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று.

ஓலைப்பெட்டிகளில் கட்டிய கருப்பட்டி இவ்வூரினின்று பல ஊர்களுக்கும் செல்வது நெடுநாள் வழக்கம். முதலில் மாட்டு வண்டிகள் அதனைச் சுமந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருச்செந்தூரிலிருந்து குலசேகரப்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை சிறிய இரயில் ஒன்றும் ஓடிற்று. பின்னர் அது நின்றுபோக, மோட்டார் வண்டிகள் பெருகின. ஊர்தி மாறிய போதெல்லாம் மாறாமல் நின்ற தேவை ஒன்று உண்டு. அதுவே வழித்துணை.

மாட்டு வண்டி கட்டி இரவிற் புறப்படுவோர் தனியே செல்ல மாட்டார். வழியறிந்த ஒருவரை உடன் அழைத்துக் கொள்வர். பிரியும் பாதைகளில் எது செல்லத்தக்கது என்று அவர் சொல்வார். உறக்கம் வராமல் உரையாடுவார். இடையில் எதிர்ப்படுவோரிடம் ஊர்ச்செய்தி கேட்டுச் சொல்வார். இடர் வந்தால் குரல் கொடுத்து அயலாரை அழைப்பார். இந்நான்கு பணிகளையும் இந்நாளில் உள்ளங்கையளவு கருவியொன்று செய்கின்றது. அதுவே திறன்பேசி. அக்கருவி எவ்விதக் கம்பியும் இன்றிக் காரோடு இணைந்து, காரின் திரையிலே படமாகவும் காரின் ஒலிபெருக்கியிலே குரலாகவும் வெளிப்படுவது நம் காலத்து விந்தைகளுள் ஒன்று. அவ்விணைப்பு நிகழும் முறை யாது? அதனைக் கையாள்வோர்க்கு வேண்டிய ஒழுங்கு யாது? இவ்விரண்டும் அறியத்தக்கன.

கம்பியின்றிச் செய்தி செல்லும் என்பது ஒரு நாளிற் கண்ட உண்மை அன்று. ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ், கண்ணுக்குத் தோன்றாத மின்காந்த அலைகள் உண்டு என்பதை 1888-ஆம் ஆண்டளவில் ஆய்வினால் மெய்ப்பித்தார். நம் நாட்டின் ஜகதீச சந்திர போஸ் 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில், சுவர்களையும் ஊடுருவிச் சென்ற அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். 1901-ஆம் ஆண்டில் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலின் ஒரு கரையினின்று மறு கரைக்கு அலைவழியே குறியொன்றைச் செலுத்தினார். 1930-ஆம் ஆண்டில் காரிற் பொருத்தும் வானொலி மோட்டரோலா என்னும் பெயரோடு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அன்றே கார் கேட்கும் செவியைப் பெற்றது எனலாம். ஆனால் அது கேட்கமட்டுமே வல்லது. மறுமொழி கூற வல்லதன்று.

காரும் பேசியும் ஒன்றோடொன்று உரையாட வேண்டுமாயின், மிகக் குறைந்த தொலைவில், மிகக் குறைந்த மின்னாற்றலில் செயற்படும் அலைத்தொடர்பு வேண்டும். சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தார் 1994-ஆம் ஆண்டில் இம்முயற்சியைத் தொடங்கினர். 1998-ஆம் ஆண்டில் வேறு பல நிறுவனங்களும் அவர்களோடு சேர்ந்தன. அம்முறைக்கு இடப்பட்ட பெயரே ப்ளூடூத். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹெரால்டு என்னும் மன்னனின் பட்டப்பெயர் அது. பிரிந்து கிடந்த மக்களை ஓராட்சியின்கீழ்ச் சேர்த்தவன் அம்மன்னன். பிரிந்து கிடக்கும் கருவிகளைச் சேர்ப்பது இம்முறை. பெயர்ப்பொருத்தம் நன்றன்றோ?

ப்ளூடூத் அலை நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிர்வது. அதே அதிர்வெண்ணை வேறு கருவிகள் பலவும் பயன்படுத்துகின்றன. அங்ஙனமிருக்க, ஒன்றன் செய்தி மற்றொன்றிற் கலவாதிருப்பது எவ்வாறு? குலசேகரப்பட்டினத்துத் தசரா விழாவில், மேளமும் தாளமும் முழங்கும் பெருங்கூட்டத்தின் இடையே இருவர் பேச விரும்புகின்றனர் என்று கொள்க. ஓரிடத்தே நின்றால் அருகிலுள்ளார் குரல் அவர்தம் பேச்சை விழுங்கிவிடும். ஆகவே, முன்னரே தமக்குள் செய்துகொண்ட குறிப்பின்படி, இருவரும் நொடிக்கு நொடி ஒருசேர இடம் மாறிக்கொண்டே பேசுகின்றனர். ப்ளூடூத் செய்வதும் இதுவே. 79 அலைவழிகளுக்கு இடையே நொடிக்கு 1,600 முறை தாவித் தாவி அது செய்தியைச் செலுத்துகின்றது. தாவும் வரிசை இரு கருவிகளுக்கும் தெரியுமாதலின் பேச்சு அறுபடுவதில்லை.

எனினும், ப்ளூடூத் ஒற்றையடிப் பாதை போன்றது. பேச்சும் பாட்டும் அதன் வழியே செல்லும். அசையும் படத்தைத் தாங்கும் அகலம் அதற்கில்லை. படம் செல்லுதற்குத் தேர்வீதி போன்ற அகன்ற வழி வேண்டும். அவ்வழியே வைஃபை. காரில் பெரும்பாலும் நொடிக்கு 500 கோடி முறைக்கு மேல் அதிரும் வைஃபை அலை இதற்குப் பயன்படுகின்றது.

திறன்பேசியின் பணிகளைக் காரின் திரையிற் காட்டும் முறைகளுள் இரண்டு பரவலாக வழங்குகின்றன. ஆப்பிள் நிறுவனத்தின் கார்பிளே ஒன்று. கூகிள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு ஆட்டோ மற்றொன்று. இரண்டும் 2014-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன. தொடக்கத்தில் பேசியைக் கம்பியால் காரோடு பிணைத்தல் வேண்டும். கம்பியின்றி இணையும் முறையை ஆப்பிள் 2015-ஆம் ஆண்டிலும் கூகிள் 2018-ஆம் ஆண்டிலும் கொணர்ந்தன. அதன்பின் கார் செய்வோர் பலரும் இவ்வசதியைத் தம் வண்டிகளில் அமைக்கலாயினர். கார்த்தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-ஆம் ஆண்டிலேயே கார் செய்யத் தொடங்கியது. உடன்குடி அமைந்த தூத்துக்குடி மாவட்டத்திலேயே, வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார்த் தொழிற்சாலை 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 4-ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது.

இனி, இணைப்பு நிகழும் முறையைக் காண்போம். உடன்குடி வணிகர் ஒருவர் திருநெல்வேலிக்குப் புறப்படுகின்றார் எனக் கொள்வோம். பேசி அவர் சட்டைப் பையில் இருக்கின்றது. காரை இயக்கியவுடன் காரின் ப்ளூடூத் அருகிலுள்ள பேசியைத் தேடுகின்றது. இரண்டும் முன்பே அறிமுகமானவை. முதல் நாளில் காரின் திரையிலும் பேசியின் திரையிலும் ஒரே எண் தோன்ற, அவ்விரண்டும் ஒத்திருத்தலைக் கண்டு வணிகர் இசைவளித்தார். அன்று பரிமாறிக்கொண்ட மறைக்குறியைக் கொண்டு இன்று ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. பின்னர், தன்னுள் இருக்கும் வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் கார் பேசிக்கு ப்ளூடூத் வழியே தெரிவிக்கின்றது. பேசி அவ்வைஃபையில் இணைகின்றது. சில நொடிகளில் காரின் திரையில் நிலப்படம் விரிகின்றது. ஒற்றையடிப் பாதையில் வந்தவன் வாயிற்கதவைத் திறந்துவிட, பெருவழியே தேர் வருவது போன்றது இது.

இங்கே மாணவர் கருதத்தக்கது ஒன்று உண்டு. திரையில் தோன்றும் படத்தை உருவாக்குவது கார் அன்று, பேசியே. தென்மாவட்டங்களில் நிகழும் தோற்பாவைக் கூத்தில், வெண்டுகிலின்மீது இராமனும் அனுமனும் தோன்றுவர். அவர்களை ஆட்டுவிப்பவரோ துகிலின் பின்னே அமர்ந்திருப்பார். காரின் திரை அத்துகிலை ஒத்தது. பையினுள் இருக்கும் பேசி பாவையாட்டியை ஒத்தது. பேசி படத்தை வரைந்து, சுருக்கி, அலைவழியே அனுப்புகின்றது; கார் அதனை விரித்துக் காட்டுகின்றது. ஓட்டுநர் திரையைத் தொட்டால், தொட்ட இடம் இன்னது என்னும் குறிப்பைக் கார் பேசிக்குத் திருப்பி அனுப்புகின்றது. அவர் பேசினால், காரின் ஒலிவாங்கி அக்குரலைக் கொண்டு சேர்க்கின்றது. சிந்திப்பது பேசி, கண்ணும் செவியும் வாயும் ஆவது கார்.

வழி காட்டுதற்கு வேண்டிய இடக்குறிப்பு விண்ணிலிருந்து வருகின்றது. பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் இடைவிடாது காலக்குறிப்பை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. நொடிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் விரைவிற் செல்லும் அவ்வலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு, ஒவ்வொரு கோளும் எத்துணைத் தொலைவில் உள்ளது என்பது கணிக்கப்படுகின்றது. நான்கு கோள்களின் குறிப்புக் கிடைத்தால் வண்டி நிற்கும் இடம் தெளிவாகும். குரும்பூரைக் கடந்ததும், தென்திருப்பேரையை அணுகியதும், ஆழ்வார்திருநகரி வந்ததும் இவ்வாறே திரையிற் புலப்படுகின்றன.

இன்னும் ஒரு நன்மை தமிழர்க்கு மகிழ்வூட்டுவது. தமிழிற் பேசுவதைக் கேட்டு எழுத்தாக்கும் வசதியைக் கூகிள் நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் திறன்பேசிகளுக்கு அளித்தது. அதுமுதல், அயன்மொழி அறியாதாரும் தாய்மொழியிற் பேசித் திறன்பேசியிடம் வேலை வாங்கும் வாயில் திறந்தது.

கம்பியற்ற முறையில் குறைகளும் இல்லாமல் இல்லை. படத்தை இடைவிடாது உருவாக்கி அனுப்புவதால் பேசியின் மின்கலம் விரைவிற் குன்றும். சித்திரை வெயிலில் கண்ணாடியருகே வைத்த பேசி சூடேறித் தளர்வதும் உண்டு. கம்பியாற் பிணைத்தாலோ, செய்தி செல்லும் கம்பியே மின்னையும் ஊட்டும். ஆதலின் நெடும்பயணத்துக்குக் கம்பியே ஏற்றது என்பாரும் உளர். மேலும், பேசிக் கோபுரத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட இடங்களில், முன்னரே சேமித்து வைத்த நிலப்படம் ஒன்றே துணையாகும்.

இவை சிறு குறைகள். அறிந்தே தீரவேண்டிய பெருங்குறை வேறொன்று உண்டு. அது கருவியைச் சார்ந்ததன்று, மனிதரைச் சார்ந்தது. கம்பி அறுந்தது உண்மை, கட்டு அறுந்ததா? கையிற் பிடித்த பேசி காரின் திரைக்கு ஏறியபோது கை விடுதலை பெற்றது. கண்ணும் கருத்துமோ திரையோடு புதிதாய்ப் பிணைக்கப்பட்டன.

இதனை ஆராய்ந்த அறிஞர் உளர். இங்கிலாந்தில் டி.ஆர்.எல். என்னும் போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தார், ஓட்டுநர்களைக் காரை ஒத்த ஆய்வுக்கருவியில் அமர்த்திச் சோதித்து, 2020-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். காரின் திரையைத் தொட்டு இயக்கியோர், எதிர்ப்பட்டதை உணர்ந்து செயற்பட எடுத்துக்கொண்ட நேரம், கார்பிளேயில் 57 சதவீதமும் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதமும் மிகுந்தது. குரலால் இயக்கியோர்க்கு அது முறையே 36 சதவீதமும் 30 சதவீதமும் மிகுந்தது. கையிற் பிடித்த பேசியில் எழுத்துச் செய்தி அனுப்புவோர்க்கு இம்மிகுதி 35 சதவீதமாக இருந்தது. தொட்டு இயக்குவதினும் பேசி இயக்குவது மேல் என்பதும், பேசி இயக்குவதும் தீங்கு முற்றும் நீங்கியதன்று என்பதும் இதனால் விளங்கும். சட்டம் விலக்கிய செயலினும், பாதுகாப்பானது என்று நம்பிச் செய்யும் செயல் சிலபோது கேடு மிக்கதாதல் காண்க.

கணக்கிட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் ஓடும் கார் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேற் செல்கின்றது. இரண்டு நொடி திரையை நோக்கினால் கார் 33 மீட்டர் சென்றுவிடும். தேரியில் நெடிதுயர்ந்து நிற்கும் பனையை வீழ்த்திச் சாலையிற் கிடத்தினாலும் அதன் நீளம் அவ்வளவு இராது. ஒரு பனையின் நீளத்துக்கும் மிகையான தொலைவைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார் உண்டோ? திரையை நோக்கும் ஓட்டுநர் செய்வது அதுவே. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையினர் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையும், கருவியை ஒருமுறை நோக்குதல் இரண்டு நொடிக்கு மேற்படலாகாது என்றே வகுத்தது. இரண்டு நொடி என்பது அனுமதிக்கப்பட்ட அளவேயன்றி அச்சமற்ற அளவன்று.

உடன்குடியைச் சூழ்ந்த சாலைகளில் இவ்வெச்சரிக்கை பின்னும் இன்றியமையாதது. திருச்செந்தூர் முருகனை வழிபடப் பச்சை உடுத்தி நடந்துவரும் அடியார்கள் இரவிலும் வைகறையிலும் சாலையோரமாகச் செல்வர். தசராக் காலத்தில் காளியாகவும் குறவராகவும் வேடம் புனைந்தோர் குழுக்குழுவாய்க் குலசேகரப்பட்டினம் நோக்கி நடப்பர். பனந்தோப்பிலிருந்து பதநீர்க் குடம் சுமந்து திரும்புவோரும், பள்ளிக்குச் செல்லும் சிறுவரும் அதே சாலையிற் செல்வோரே. காரின் நிலப்படத்தில் சாலை தோன்றும். அதில் நடப்பவர் தோன்றார். குரும்பூர் எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லவல்ல கருவி, முன்னே ஒரு முதியவள் சாலையைக் கடக்கின்றாள் என்று சொல்லாது. அதனைக் காண வல்லது ஓட்டுநரின் கண்.

சட்டமும் இக்கருத்தை ஏற்றுள்ளது. 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், வண்டி ஓட்டும்போது தொடர்புக் கருவியைக் கையிற்கொண்டு பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலின்பாற் படுத்தியது. முதற் குற்றத்துக்கு ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடந்தந்தது. 2020-ஆம் ஆண்டின் விதித்திருத்தம், ஓட்டுநரின் கவனம் சிதறாதவாறு வழி அறிதற்கு மட்டும் அக்கருவியைப் பயன்படுத்தலாம் என்றது. வழி அறிதல் இசையத்தக்கது. கவனம் சிதறுதல் தகாதது. இதுவே சட்டத்தின் உட்பொருள்.

அங்ஙனமாயின், இத்துணையைக் கொள்ளும் முறை யாது? அதனை உடன்குடிப் பனைத் தொழிலாளரிடமே கற்கலாம். அவர் விடியுமுன் பனையடியில் வந்து நிற்கின்றார். பாளை அரிவாளைத் தீட்டி அரிவாட்பெட்டியில் இடுகின்றார், பெட்டியை இடுப்பிற் கட்டுகின்றார், கலயத்தை மாட்டிக்கொள்கின்றார், தளைநாரைச் சரிபார்த்துக் காலில் இடுகின்றார். இவ்வளவும் தரையில் நின்று செய்யப்படும் பணிகள். ஏறத் தொடங்கியபின் அவர் எதனையும் தேடுவதில்லை. நடுமரத்தில் தொங்கிக்கொண்டு பெட்டியின் முடிச்சை அவிழ்ப்பவர் இல்லை. ஏறுமுன் ஆயத்தம், ஏறியபின் கவனம். இதனை மறந்தவர்க்குப் பனை இரண்டாம் வாய்ப்பை அளிப்பதில்லை.

கார் ஓட்டுவோர்க்கும் இதுவே நெறி. வண்டி நகருமுன் செல்லும் ஊரைத் திரையிற் குறித்துவிடுக. கேட்கும் பாட்டைத் தேர்ந்துவிடுக. அழைத்துப் பேசவேண்டியவரிடம் பேசிவிடுக. சக்கரம் உருளத் தொடங்கியபின் திரையைத் தொடற்க. வழி தவறினால் கலங்கற்க. கருவி புது வழி காட்டும். இன்றியமையாத அழைப்பு வருமாயின் சாலையோரம் தக்க இடத்தே வண்டியை நிறுத்திப் பேசுக. உடன் அமர்ந்திருப்பார் ஒருவர் உளராயின் திரையை அவரிடம் ஒப்படைத்தல் எல்லாவற்றினும் நன்று. இளம் மாணவர் காரோட்டும் பருவத்தினர் அல்லராயினும், தந்தையார் அருகில் அமர்ந்து செல்லுங்கால் இப்பணியை ஏற்கலாம். ஓர் உயிரைக் காக்கும் பணி அது.

பயணம் முடிந்தபின்னும் ஒரு கடமை எஞ்சியுள்ளது. இணையுங்கால் பேசியிலுள்ள பெயர்களையும் எண்களையும் பல கார்கள் தம்முள் எழுதிக்கொள்கின்றன. அது தன் வண்டியாயின் கேடில்லை. வாடகை வண்டியோடு இணைத்தவர், இறங்குமுன் அவ்விணைப்பை நீக்கி அக்குறிப்புகளை அழித்தல் வேண்டும். தம் காரை விற்போரும் அங்ஙனமே செய்தல் வேண்டும். நம்மை நம்பித் தம் எண்ணைத் தந்தவர்களின் மறையைக் காப்பதும் நம் பொறுப்பன்றோ?

வழித்துணைவருள்ளும் நல்லார் உண்டு, அல்லார் உண்டு. கேட்டபோது வழி சொல்லிக் கேளாதபோது வாய் அடங்கியிருப்பவர் நல்ல துணை. ஓயாது பேசி வண்டிக்காரரின் கருத்தைக் கலைப்பவர் துணையாகார், சுமையாவார். திறன்பேசி இவ்விருவருள் எவராகவும் இருக்க வல்லது. அதனை எவ்வாறு ஆக்கிக்கொள்வது என்பது ஓட்டுநர் கையில் உள்ளது. கம்பியை அறுத்தது அறிவியல். கட்டை அறுத்துக்கொள்ள வேண்டியவர் மனிதர். அங்ஙனம் செய்தவர் ஊர் சேர்வார். அவர் செல்லும் சாலையில் நடப்பாரும் நலமாய் ஊர் சேர்வர்.

பயிற்சி வினாக்கள்

1. முன்னாளில் வழித்துணைவர் செய்த பணிகள் யாவை?
2. ப்ளூடூத் அலை, பிற அலைகளோடு கலவாது செய்தி செலுத்தும் முறையை உவமை காட்டி விளக்குக.
3. காரின் திரை தோற்பாவைக் கூத்தின் துகிலை எவ்வாறு ஒத்துள்ளது?
4. மணிக்கு 90 கிலோமீட்டர் விரைவில் செல்லும் கார் இரண்டு நொடியில் எத்துணைத் தொலைவு செல்லும் எனக் கணக்கிடுக.
5. “ஏறுமுன் ஆயத்தம், ஏறியபின் கவனம்.” இக்கருத்தை வேறு தொழில்களுக்கும் பொருத்தி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.